பத்தாயிரத்துப் பதினொரு பேர்

— செருப்பைக் கழட்டு. உள்ள வந்து உக்காரு. பேசிட்டு அப்புறம் போறதா வேணாமான்னு பாக்கலாம்.

— பத்தரை பஸ்ஸை விட்டா அடுத்தது ஒரு மணிக்குத்தான். அதுல போய் இறங்கினா ஜன்னலைச் சாத்திட்டு சாப்பிடப் போயிருப்பாங்க, திரும்ப எப்பத் திறப்பாங்கன்னு சொல்ல முடியாது. வழியை விடுங்க.

— இன்னைக்கு வேணாம்னுதானே சொல்றேன். என்னைக்குமே வேணாம்னா சொன்னேன்?

— இன்னைக்கு இருபத்தொண்ணாவது நாள். இருபத்தொரு நாளைக்குள்ள பதிஞ்சா உடனே தாள் குடுப்பாங்க. தாண்டிட்டா வக்கீல், சாட்சி, சத்தியக் கடிதாசின்னு அலைய விடுவாங்க. இதைச் சொல்ற நோட்டீஸே உங்க பிரஸ்ல அடிச்சதுதானே?

— அடிச்சது மட்டுமா, புரூஃப் பாத்ததும் நான்தான். தெரியும் எனக்கு.

— தெரிஞ்சுமா வாசல்ல நிக்கறீங்க? பெத்த பொண்ணு செத்ததை எழுதி வைக்கப் போறேன். திருடவா போறேன்?

— மெதுவா பேசு. தெருவுல கேக்கும்.

— கேக்கட்டும். தெருவே வந்துதானே தூக்கிட்டுப் போச்சு. தெரியாதவங்க யாரு இருக்கா இங்க?

— தெரியாதவங்க இன்னைக்கு வந்திருக்காங்க. மாநகராட்சியிலேருந்து கணக்கெடுக்கற அம்மா. ஊருல மத்த பக்கத்தை வேற ஆளுங்க எண்ணியாச்சு. காய்ச்சல் வந்த மத்த தெருவெல்லாம் நேத்து, முந்தா நேத்து இந்த அம்மா முடிச்சுட்டா. இன்னைக்கு நம்ம தெரு. நம்ம வீடுதான் கடைசி.

— வரட்டும். எண்ணிட்டுப் போகட்டும். எனக்கென்ன.

— என்னன்னு எண்ணுவா? பட்டியல்ல நம்ம ஊரு பத்தாயிரத்துப் பதினொரு பேரு. தனி நகராட்சி வேணும்னா பத்தாயிரம் தலை இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மனுவைத் திருப்பி மூஞ்சியில அடிப்பாங்க. அடுத்த மனு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் போட முடியும். இந்தக் காய்ச்சல்ல போனது பத்தொன்பது பேரு. கழிச்சுப் பாரு.

— எட்டு குறையுது. துணி வெட்டறவளுக்குக் கணக்கு சொல்லித் தராதீங்க.

— அந்த எட்டுக்குத்தான் நாயா அலையறேன். ஒவ்வொரு வீடா போய்க் கையைப் பிடிச்சுக் கேட்டேன். கணக்கு முடியற வரைக்கும் பதியாதீங்க, அவங்க பேரு பட்டியல்லயே இருக்கட்டும்னு. பதினெட்டு வீடு சரின்னுட்டாங்க.

— பத்தொன்பதாவது வீட்டுல மட்டும் கேக்கலை. அவ நம்ம பொண்டாட்டிதானே, எங்க போயிடுவான்னு விட்டுட்டீங்க.

— இப்பக் கேக்கறேன்.

— கேக்கறவரு உக்காந்து கேப்பாரு. இப்படிக் கதவை அடைச்சுக்கிட்டு நிக்க மாட்டாரு.

— சரி. உக்காந்துட்டேன். நீயும் உக்காரு. இந்தா பாரு, எனக்கு வலிக்கலைன்னு நினைக்கறியா? அன்னைக்கு போன் பண்ணினது யாரு? நான்தானே. "எந்த வார்டு"ன்னாங்க. நாப்பத்தொண்ணுன்னேன். "வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு, லைன்லயே இருங்க"ன்னாங்க. ரெண்டரை மணி நேரம் லைன்லயே இருந்தேன். பாப்பா என் மடியில இருந்தா, போன் என் காதுல இருந்துச்சு. பாட்டு போட்டாங்க போன்ல. நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே.

— பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, நம்மளை மாநகராட்சியோட சேக்கறதுக்கு முன்னாடி, வண்டி நம்ம ஆபீஸ் வாசல்லயே நிக்கும். டிரைவர் வீடு அடுத்த சந்து. இப்ப அந்த ஆபீஸ்ல மாநகராட்சியோட உடைஞ்ச தெரு விளக்கெல்லாம் கொட்டி வச்சிருக்காங்க. நம்ம கையில இருந்திருந்தா பாப்பா பொழைச்சிருப்பா. அடுத்த வீட்டுப் பொண்ணாவது பொழைக்கட்டும்னு பாக்கறேன். புரியுதா?

— அடுத்த வீட்டுப் பொண்ணு பொழைக்கறதுக்கு என் பொண்ணு சாகாம இருக்கணுமாக்கும்.

— நீ இப்படிப் பேசினா நான் என்ன பண்றது.

— வண்டி லேட்டா வந்துச்சு, சரி. காய்ச்சல் எதனால வந்துச்சு? குழாயில சாக்கடை வந்துச்சு. ஆறு மாசம் முன்னாடியே பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போய் மாநகராட்சி இன்ஜினியர் மேஜை மேல வச்சேன். "மழை நேரம்மா, கலர் அப்படித்தான் இருக்கும்"னாரு. மூடியைத் திறந்து மோந்துகூடப் பாக்கலை. இப்ப நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரம்மா தண்ணிக்காக கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்க. ஜட்ஜ் என்ன கேட்டாராம்? செத்தவங்க தாள் எங்கன்னு கேட்டாராம். ஒரு தாள்கூட இல்லை. உங்க புண்ணியம்.

— கேஸு பத்து வருஷம் இழுக்கும். நகராட்சி அடுத்த மாசம் வந்துடும். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்காதே.

— என் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. சரி, நீங்க சொன்ன மாதிரி சும்மா இருக்கேன்னே வைங்க. இன்னைக்கு உயிரோட இருக்கான்னு எழுதிக் குடுத்துட்டு, அடுத்த வாரம் போய் மூணு வாரத்துக்கு முன்னாடி செத்துட்டான்னு எப்படிப் பதியறது?

— அடுத்த வாரத் தேதி போட்டுக்கலாம்.

— என்னது?

— எல்லாரும் அப்படித்தான் பண்ணப் போறோம். ஆளுக்கு ஒரு தேதியா, முன்னப் பின்ன போட்டு.

— அவ செத்த நாளையே மாத்தணுமா.

— காகிதத்துலதானே.

— உங்களுக்குக் காகிதம் சாதாரணமாத்தான் இருக்கும். முதல் நோட்டீஸ்லயே எழுத்தை மாத்திக் கோத்து "தனி நரகாட்சி வேண்டும்"னு ஐநூறு அடிச்சவரு நீங்க. ஊரே சிரிச்சுச்சு. பாப்பாதான் உக்காந்து ஒவ்வொண்ணா பேனாவுல திருத்தினா.

— இப்ப எதுக்கு அதை எடுக்கறே.

— சும்மாத்தான். சொல்லுங்க, அந்த அம்மா வந்து பொண்ணு எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்? பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போயிருக்கான்னா?

— பொய்யே வேணாம். "போயிட்டா"ன்னு மட்டும் சொல்லு.

— ம்.

— உண்மைதானே? போயிட்டாதானே? கேக்கறவ வெளியூர் போயிட்டான்னு எழுதிக்குவா. அது அவ காது பண்ற வேலை. நம்ம வாய் சுத்தம்.

— இதை யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?

— நானேதான். கம்பவுண்டர் சம்சாரம் பொய் சொல்ல மாட்டேன்னு ஒரே அழுகை. என்ன பண்றதுன்னு உக்காந்திருந்தேன். வாசல்ல யாரோ வந்து "அவரு எங்கம்மா"ன்னு கேட்டாங்க. அந்தம்மா "போயிட்டாரு"ன்னாங்க. அவ்வளவுதான், பொறி தட்டுச்சு. அப்புறம் எல்லா வீட்டுக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன். எல்லாருக்கும் ஒத்து வந்துச்சு.

— ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லாருக்கும் ஒரே அளவு.

— கிண்டல் பண்ணு, பரவாயில்லை. பஸ்ஸுக்கு மட்டும் போகாதே. ஊர் முழுக்க என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கு. என் வீட்டுலயே முடியலைன்னா நான் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்கறது?

— வீட்டுல யாருங்க? உள்ள வரலாமா?

— வாங்கம்மா, வாங்க. கணக்கெடுக்கறவங்க வந்துட்டாங்க பாரு. நாற்காலியை எடுத்துப் போடு.

— அட, சார் வீடு இதுதானா? மூணு நாளா கூடவே வந்து வீடு வீடா சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க, இப்பத் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். உக்காந்துக்கறேன் சார், காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லை. அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

— குழாய்த் தண்ணிதான் இருக்கு. காய்ச்சினது.

— ஐயோ, மறந்தே போச்சு பாருங்க, பையில பாட்டில் வச்சிருக்கேன். வேணாங்கக்கா, உங்களுக்கு எதுக்கு சிரமம்.

— சிரமமில்லை. நாங்க அதைத்தான் குடிக்கறோம்.

— இருக்கட்டுங்கக்கா. எழுதிடலாம், சீக்கிரம் முடிஞ்சுடும். குடும்பத் தலைவர், சாரு. அச்சகம். அக்கா, தையல். மூணாவது, பொண்ணு. பதினொரு வயசு, ஆறாம் வகுப்பு. கூப்பிடுங்கக்கா, மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டா டிக் போட்டுடுவேன்.

— அவகிட்டயே கேளுங்கம்மா. சொல்லு.

— அக்கா? பொண்ணு எங்கக்கா?

— போயிட்டா.

— சரி. எப்ப வருவா?

— அது அவருக்குத்தான் தெரியும். அவரைக் கேளுங்க.

— வருவாம்மா. அவ பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா. ஒரு வாரத்துல வந்துடுவா.

— வாய் சுத்தம்னீங்க.

— நீ கொஞ்சம் சும்மா இரு.

— சண்டை வேணாங்க. சாருக்கு ஏன் இப்படி வேர்க்குது? பயப்படாதீங்க சார். உங்க ஊர்ல ஒரு பேரையும் நான் அடிக்கப் போறதில்லை. சிவப்புப் பேனாவே எடுத்துட்டு வரலை.

— எடுத்துட்டு வரலையா? ஏன்?

— வேணாம்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. சும்மா சொல்லக் கூடாது, பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன், எப்பவும் தேடித் தேடி அடின்னுதான் சொல்வாங்க. இந்தத் தடவை மட்டும் ஒருத்தரையும் அடிக்காதே, ஆளைக் காணலைன்னா வெளியூர்னு போடு, ஆனா வீட்டாள் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் இல்லாம வந்துடாதேன்னு சொல்லிட்டாங்க. மூணு நாளா பதினெட்டு வெளியூர் எழுதியிருக்கேன். எல்லா வீட்டுலயும் ஒரே பதில். போயிட்டாரு, போயிட்டாங்க, போயிட்டா. எனக்குக் காது கேக்காதுன்னா நினைச்சீங்க சார்? எங்கம்மா போனப்ப நானும் பாக்கறவங்ககிட்டல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

— தெரிஞ்சேதான் எழுதினீங்களா?

— எழுதச் சொன்னாங்க, எழுதினேன். உங்களுக்கும் அதுதானே சார் வேணும்?

— எங்களுக்கு எதுக்கு வேணும்னு தெரியும். அவங்களுக்கு எதுக்கு வேணும்?

— அதாங்கக்கா, யாரோ டீச்சர் தண்ணிக்காக கேஸ் போட்டிருக்காங்களாமே. செத்தவங்க உயிரோட இருக்காங்கன்னு அவங்க வீட்டு ஆளுங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா அப்புறம் கேஸ் ஏது? செத்ததா சொல்றவங்கதான் பொய் சொல்றாங்கன்னு ஆயிடும். அந்தக் குழாயும் அடுத்த மாசத்திலேருந்து உங்க நகராட்சிக் குழாய். உள்ள முழுக்க அழுகிப்போச்சு, தோண்டி மாத்த யாராலயும் முடியாதுன்னு இன்ஜினியரே போன வருஷம் எழுதி வச்சிருக்காராம். உங்களைக் கழட்டி விட்டா போதும்னு இருக்காங்க சார் அங்க. உங்களுக்கு வாழ்த்துச் சொல்லணும்னுதான் வந்தேன். வீட்டுக்குள்ள வந்ததும் வாய் வரலை.

— அந்தப் பதினெட்டையும் குடுங்கம்மா.

— சார், அதெல்லாம் தரக் கூடாது.

— கிழிக்க மாட்டேன். என் கையெழுத்துக்கு மேல என்ன அடிச்சிருக்குன்னு பாக்கணும்.

— நானே படிக்கறேன். "மேற்கண்ட நபர் உயிருடன் உள்ளார் என்பதை நேரில் அறிவேன்." கீழ பொடி எழுத்துல, பொய்னு தெரிஞ்சா ரெண்டு வருஷம் ஜெயில்னு இருக்கு. பதினெட்டுலயும் சாட்சி நீங்க ஒருத்தர்தான்.

— கம்பவுண்டர் சம்சாரம் கேட்டுச்சு, இதுல என்ன எழுதியிருக்குன்னு. நான் பாத்துட்டேன், போடுங்கன்னேன்.

— ஏங்க. எழுந்திருங்க. தரையில உக்காராதீங்க.

— அக்கா, இருங்க, நான் ஒரு வழி சொல்றேன். சார், நீங்களும் கேளுங்க. இந்த ஒரு வீட்டை மட்டும் சரியா எழுதிடலாம். ஒண்ணு குறைஞ்சா பத்தாயிரத்துப் பத்து. ஊருக்கு ஒண்ணும் ஆகாது. அக்கா சாயங்காலத்துக்குள்ள போய்ப் பதிஞ்சுக்கட்டும், பொண்ணுக்குத் தாள் வந்துடும். நகராட்சியும் வந்துடும். அந்தப் பதினெட்டு பைக்குள்ள இருக்கறது யாருக்கும் தெரியப் போறதில்லை.

— கேட்டீங்களா? நான் காலையிலேருந்து அழுதது இதுக்குத்தான். இப்ப தட்டுல வச்சுத் தராங்க. கம்பவுண்டர் சம்சாரம் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கும்? கையெழுத்துப் போட்ட கையைக் கழுவிக்கிட்டிருக்கும்.

— நீ சொல்லு. நான் என்ன பண்ணட்டும்?

— நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா நாளைக்கு என்னாலதான் ஊரு போச்சும்பீங்க. நீங்களே சொல்லுங்க.

— பை சீல் வச்சாச்சாம்மா?

— இல்லை சார், உங்க வீடு கடைசிங்கறதால முடிச்சுட்டு வைக்கலாம்னு. ஏன்?

— அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் உங்க கூடத் திரும்ப வரேன். ஒவ்வொரு வாசல்லயும் நானே சொல்றேன்.

— சார், யோசிச்சுக்குங்க. ஊரும் போயிடும், நீங்களும் உள்ள போகணும்.

— முதல்ல இங்க எழுதுங்கம்மா. இந்த வீட்டுல ரெண்டு பேரு.