சூடு காட்டுற பெட்டி

தொடாதம்மா. பிளக் போடலை, இருந்தாலும் தொடாத. இந்த மிஷின் நம்ம வீட்டு மேஜைமேல வந்து உக்காந்திருக்கறதே உனக்குப் பிடிக்கலை. மூஞ்சியிலயே எழுதியிருக்கே. நேத்து நீ கட்டு மாத்தப் போயிருந்தப்ப மாப்பிள்ளைகிட்டப் போய்க் கேட்டு வாங்கி, பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தேன். பதினோரு ஸ்டாப்பு. பக்கத்து சீட்டு அம்மா, தையல் மிஷினான்னு கேட்டாங்க. காபி மிஷின்னேன். இவ்வளவு பெரிசா, வீட்ல எத்தனை பேருன்னாங்க. ரெண்டு பேருன்னேன்.

சிரிக்க மாட்டியா? சரி.

உக்காரு. மணி நாலு நாப்பது. மாப்பிள்ளை அஞ்சுக்கு வர்றதாச் சொல்லியிருக்கார். உன் துணிமணி, புஸ்தகம் எல்லாத்தையும் நாலு பெட்டியில கட்டிட்டாராம். அஞ்சுன்னா அஞ்சுக்கு வந்து நிப்பார், அதுல என்னை மாதிரி. நீ அந்த வீட்டுச் சாவியை அவர் கையில கொடுத்துட்டா அதோட முடிஞ்சுது. உங்கம்மா உள்ள படுத்திருக்கா. அவ எழுந்தா என்னைப் பேச விடமாட்டா. இருபது நிமிஷம் கொடு, போதும்.

மிஷினைப் பத்தி ஏன் பேசறேன்னா, எனக்கு வேற என்ன பேசத் தெரியும்? உன் கல்யாணத்தன்னைக்கே மாப்பிள்ளைகிட்ட நாலு வார்த்தைதான் பேசினேன். அதுல மூணு, ஃபேன் சத்தம் போடுதேங்கறது.

நீதானே சொன்ன, இந்த மிஷினுக்கு எங்கம்மா குணம், எப்போ கொதிக்கும்னே தெரியலைன்னு? மெதுவாப் பேசறேன், மெதுவா. பழைய தெர்மோஸ்டாட் அப்படித்தான். எம்பத்தஞ்சுக்கு இறங்கும், நூத்தியஞ்சுக்கு ஏறும். ஒருநாள் காபி புளிக்கும், ஒருநாள் கருகிப்போன கசப்பு. அதுக்குத்தான் இந்தச் சின்னப் பெட்டியை வாங்கினார். தொண்ணூத்தி மூணுன்னு வச்சா தொண்ணூத்தி மூணுல நிறுத்தும். உனக்காகத்தான் வாங்கினார். அவருக்கு சுடுதண்ணி கலர்ல இருந்தாலே காபிதான்.

என்னது? கரண்ட் தெரியாதவர் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டிருக்கலாமேன்னா?

கூப்பிட்டார்ம்மா. அதுக்கு வர்றேன்.

அன்னைக்கு சனிக்கிழமை, நீ வேலைக்குப் போயிருந்த. மூடியைக் கழட்டியாச்சு, பதினாலு ஸ்க்ரூ. வரிசை மாறக்கூடாதுன்னு ஒரு அட்டையில குத்தி வச்சாச்சு. பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தாச்சு. உள்ள ஒரு ஃப்யூஸ் இருக்கு, சூடு எல்லை மீறினா தானா அறுந்துபோய்க் கரண்ட்டை நிறுத்தும். பக்கத்துல வயரை ஈயம் உருக்கிப் பத்தவைக்கும்போது அந்தச் சூட்டுலயே அது போயிடுச்சு. அன்னைக்குக் கடையில ஸ்டாக் இல்ல. திங்கக்கிழமை வாங்கிப் போட்டுக்கலாம்னு, ஒரு துண்டு வயர் வச்சு நேரா இணைச்சாச்சு. அது முதல் தப்பு. ஆனா அந்தத் தப்பு ஒண்ணு மட்டும்னா உன் கை வெந்திருக்காது.

இப்ப இந்தப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுக்கறேன். மிஷினுக்கு இல்ல, பயப்படாத. நீ பின்னாடி தள்ளி உக்காரு. அந்தக் கையை மடியில வச்சுக்கோ. இன்னும் தள்ளு.

இந்த நுனி இருக்கே, இதுதான் சூட்டைப் பாத்துச் சொல்ற சென்சார். அன்னைக்கு எப்படி மாட்டியிருந்துதோ அப்படியே மாட்டியிருக்கேன். நம்பர் என்ன சொல்லுது, படி. எனக்கு இந்தச் சின்ன எழுத்து தெரியலை.

இருபத்தெட்டு. ரூம் சூடு. சரிதான்.

இப்ப ஃப்ளாஸ்க்லேர்ந்து இந்த டம்ளர்ல ஊத்தறேன். ஆவி பறக்குது பாரு. நுனியை உள்ள விடறேன். படி.

சத்தமாப் படிம்மா.

இருபது. ம். ஒம்பது. அப்புறம்? மைனஸ் நாலு.

பாத்தியா? சூடு ஏற ஏற நம்பர் இறங்குது. மறுநாள் காலையில நீ ஸ்விட்ச் போட்டுட்டு இதைத்தான் பாத்துட்டு நின்ன. நம்பர் குறையுது, மிஷின் இன்னும் சூடாகலை போலன்னு நினைச்ச. பெட்டியும் அதையேதான் நினைச்சுது. ஐயோ குளிருதேன்னு இன்னும் இன்னும் சூடேத்திச்சு. நிறுத்த ஃப்யூஸும் இல்ல. என்னடா கோளாறுன்னு நீ கைப்பிடியைத் திருகின, உள்ள அடைஞ்சிருந்த ஆவி...

சரி. அதை விடு. மூணு கொப்புளம், முழங்கை வரைக்கும். ஆறு தடவை கட்டு மாத்தியாச்சு. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

தண்ணி குடி.

நாலு அம்பத்திரண்டு. கேளு. நீ கையைப் பிடிச்சுட்டு அழுதப்ப மாப்பிள்ளையைக் கேட்ட, மாட்டினதும் சோதிச்சுப் பாத்தீங்களா, இல்லையா? அவர் தரையைப் பாத்துட்டு நின்னார். மறுநாளும் கேட்ட, அப்பவும் வாயைத் திறக்கலை. அப்பத்தானே ஒரு துணிப்பையைத் தூக்கிட்டு இங்க வந்த? தப்பு பண்ணவன்கூட வாழலாம்ப்பா, கேட்டா வாயே திறக்காதவன்கூட எப்படி வாழறதுன்னு இந்த நாற்காலியில உக்காந்துதான் சொன்ன. உங்கம்மா தலையாட்டினா. நானும் பக்கத்துல இருந்தேன்.

இந்த சென்சார்ல ரெண்டு வயர். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு சிவப்பு. உலகத்துல எங்க போனாலும் பேட்டரியில சிவப்புதானே பிளஸ்? இதுல மட்டும் தலைகீழ். மஞ்சள்தான் பிளஸ். கூட வந்த காகிதத்துல எறும்பு மாதிரி எழுத்துல போட்டிருக்காம், அவர் அப்புறமாப் படிச்சுக் காட்டினார். படிச்சவங்க முதல்ல காகிதத்தைப் பாப்பாங்க. நாப்பத்தோரு வருஷம் வயர் பிடிச்சவன் பாக்கமாட்டான். கை தானாப் போகும். சிவப்பை பிளஸ்ல கொடுத்து இறுக்கிட்டேன்.

ஆமா. நான்தான்.

அவர் ஸ்க்ரூ அட்டையைப் பிடிச்சுட்டு நின்னார், அவ்வளவுதான். ஃப்யூஸை இணைச்சதும் நான்தான். அவர், மாமா, திங்கக்கிழமை வரைக்கும் மிஷினை எடுத்து வச்சுடலாமான்னார். இதுக்கெல்லாமா மாப்பிள்ளைன்னு சிரிச்சேன்.

எதையும் சோதிக்காம நான் மூடினதில்லம்மா. உனக்குத் தெரியும். பல்பு மாத்தினாக்கூட மூணு தடவை போட்டுப் போட்டு அணைப்பேன். அன்னைக்குக் கீழ உன் வண்டிச் சத்தம் கேட்டுது. போன வருஷம் பக்கத்து வீட்டு மோட்டார்ல ஷாக் அடிச்சு விழுந்தேனே, அப்ப என் டெஸ்டர், பிளையர் எல்லாத்தையும் பிடுங்கிப் பூட்டிட்டு, இனி வயர்ல கை வச்சீங்கன்னா நான் இந்தப் படி ஏறமாட்டேன்ப்பான்னு சொன்ன. உன் வாயில ஒண்ணு வந்தா வந்ததுதான். பயந்துட்டேன். பதினாலு ஸ்க்ரூவுல எட்டுதான் போட்டேன். மிச்சம் ஆறு இதோ, என் சட்டைப்பையில. பன்னெண்டு நாளா இங்கதான் இருக்கு.

மாப்பிள்ளை கேட்டார், மாமா, சோதிச்சாச்சா? தலையை ஆட்டினேன். அவர் கையைப் பிடிச்சு, நான் வந்ததை எம்பொண்ணுகிட்டச் சொல்லிடாதீங்கன்னேன். சத்தியமாச் சொல்லமாட்டேன் மாமான்னார். நீ மேல வர்றதுக்குள்ள பின்பக்கப் படியில இறங்கிட்டேன்.

சொல்லலை. அவ்வளவுதான். நேத்து நான் போனப்பக்கூட, மாமா, அவளுக்கு அப்பா ஒருத்தர்தானே, என்னை வேணா கோவிச்சுக்கட்டும்னு சொன்னார்.

அழாத. இல்ல, அழு. என்னைத் திட்டணும்னா திட்டு, ஆனா அப்புறமாத் திட்டு.

பெல் அடிக்குது. ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டார். நீ இரு, அந்தக் கையால தாழ்ப்பாளை இழுக்காத, நான் திறக்கறேன். இல்ல, நீயே போறியா? சரி, போ. இடது கையால.

அந்த டம்ளர் பக்கம் போகாதம்மா. நம்பர் என்ன காட்டினாலும் தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு.