தங்கம்மாள் மளிகை

இல்லக்கா, நான் சர்வே எடுக்க வரல. ஓட்டு கேக்கவும் வரல. கடைக்கு ஏன் போர்டு இல்லன்னு கேட்டேன், அவ்ளோதான். தப்பா எடுத்துக்காதீங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச கடைதான், இல்லங்கல. வெளியூர்லேர்ந்து ஒருத்தர் தேடிக்கிட்டு வந்தா? ஆமா, கீரப்பாளையத்துக்கு மளிகைக் கடையத் தேடிக்கிட்டு யாரு வரப்போறாங்க. அதுவும் சரிதான். ஒரு பன்னீர் சோடா குடுங்க. மணி என்னாக்கா ஆவுது? பத்தே காலா. சரி, இன்னும் நேரம் இருக்கு.

என்னைத் தெரியல இல்ல? எப்புடித் தெரியும். யூனியன் ஆபீஸ்ல ரெண்டு வருஷம் டைப்பிஸ்டா இருந்தேன். கடலூர்லேர்ந்து தெனம் ரெண்டு பஸ் மாறி வந்து போவேன். சாயங்காலம் தோ, எதிர ஸ்டாப்பிங்லதான் நிப்பேன். பஸ் வர்ற வரைக்கும் கண்ணு உங்க கடைமேலதான் இருக்கும். வேற என்னா இருக்கு பாக்க? ஒரு நாளும் உள்ள வந்து ஒண்ணும் வாங்குனதில்ல. இப்ப கடலூருக்கே மாத்தலாயிடுச்சு. இன்னைக்கு சனிக்கிழமை, ஆபீஸ் லீவு.

ஒரே பொண்ணுக்கா. இளமதி. மெட்ராஸ்ல டிசைன் படிக்கிறா, கடைசி வருஷம். துணி டிசைன் இல்ல, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. இந்த பிஸ்கட் பாக்கெட்டு மேல படமும் எழுத்தும் இருக்கு பாருங்க, அது எப்புடி இருந்தா கை தானா எடுக்கும்னு யோசிக்கிற படிப்பு. அதுல மார்க்கு பெருசில்லயாம், போர்ட்ஃபோலியோதான் எல்லாமாம். அவ செஞ்சதையெல்லாம் நெட்டுல ஒரு வீடாட்டம் கட்டி, செவுத்துல மாட்டி வச்சுடணும். கம்பெனிக்காரங்க வந்து சுத்திப் பாத்துட்டு வேலை குடுப்பாங்க. அது மட்டும் இல்ல, அவளே ஒரு பிராண்டு ஆவணுமாம். அம்மா, இனிமே நான் ஒரு பிராண்டுன்னு வந்து நின்னா. பல்பொடிக்குத்தான் பிராண்டு இருக்கும்னு நான் நெனச்சிருந்தேன். தீவாளிக்கு ஆசையா மஞ்சள்ல சுடிதார் எடுத்தேன், தொடல. அவளுக்குன்னு ஒரு கலராம், தவிட்டுக் கலர். மஞ்சள்ல போட்டோ வந்தா பிராண்டு கெட்டுடுமாம். நீங்க சிரிக்கிறீங்க, நானும் சிரிச்சேன். ஆனா என்னைப் பத்தின்னு ஒரு பக்கம், நாலே வரி, அதை எழுத பதினோரு நாள் ஒக்காந்தாக்கா. எழுதுவா, அழிப்பா. அம்மா, என்னைப் பத்தி சொல்ல என்கிட்ட என்னா இருக்குன்னு கேட்டா.

இப்ப என்கூட பேசுறதில்ல. ஏழு மாசம் ஆச்சு. அவ அப்பாகிட்ட பேசுறா. அவுரு ஸ்பீக்கர்ல போட்டார்னா வச்சுடுறா.

நான்தான் காரணம். வேற யாரு? வேலை தேடுற புள்ளைங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்குக்கா. பேஸ்புக் மாதிரிதான், எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு இருப்பாங்க. அதுல அவதான் எனக்கும் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தா. நான் என்னா போட்டாலும் கை தட்டுற படத்தை அமுக்கும்மா, ஒண்ணும் எழுதாதன்னா. அமுக்குனேன். ஆபீஸ் பாத்ரூம்ல நின்னுகூட அமுக்கியிருக்கேன். ஒரு நாளு எங்க ஊரு துறைமுகத்துல கருவாடு விக்கிற பொம்பளைங்களுக்காக அவ செஞ்ச அட்டைப்பெட்டியெல்லாம் போட்டா. அவ்ளோ அழகு! வாளை மீன் தோலு மாதிரி ஒரு வெள்ளி. யார் யாரோ பெரிய ஆளுங்க வந்து பாராட்டுறாங்க. பெங்களூரு கம்பெனி ஒண்ணு வான்னு லெட்டரே குடுத்துடுச்சு. எனக்கு மனசு நிக்கலக்கா. எழுதிட்டேன்.

என்னா எழுதுனேனா? நாப்பது நாளு மஞ்சக்காமாலைல, எந்திரிச்சு வாசலுக்குக்கூட வர முடியாம, கட்டில்ல படுத்துக்கிட்டே இவ்வளவும் வரைஞ்ச என் தங்கம்னு எழுதுனேன்.

பெருமையாத்தானே எழுதுனேன்? ஆனா படத்துக்கு மேல இங்கிலீஷ்ல அவ என்னா போட்டிருந்தான்னா, அந்த நாப்பது நாளும் துறைமுகத்துல அந்தப் பொம்பளைங்களோடவே இருந்தேன், அவுங்க கையைப் பாத்துப் பாத்து வரைஞ்சேன்னு. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்க்கா. தெனம் அதைத்தானே டைப் அடிக்கிறேன். படத்தைப் பாத்த சந்தோஷத்துல எழுத்தைப் பாக்கல. கீழ ஒருத்தன் வந்து எந்த நாப்பது நாளுன்னு கேட்டான். அப்புறம் இன்னொருத்தன். ரெண்டே நாள்ல பெங்களூருக்காரன் லெட்டரைத் திருப்பி வாங்கிட்டான். அவ போன் பண்ணா. கத்தல. ஏம்மான்னு ஒரே வார்த்தை கேட்டுட்டு வச்சுட்டா. அன்னைலேர்ந்து என் நம்பர்லேர்ந்து கூப்புட்டா போவல.

அவ பொய் எழுதுனது தப்புதான். நீங்க சொல்றது நியாயம்தான். நாப்பது நாளும் நான் பத்தியக் கஞ்சி வச்சுக் குடுத்தேன், அந்தக் கஞ்சிய மறைச்சுட்டு கடற்கரைன்னு எழுதியிருக்கா. ஆனா அதைப் பிடிச்சுக் குடுக்குறது நானா இருக்கணுமா?

அந்த வீடு மட்டும் தொறந்தே கெடக்குதுக்கா, நெட்டுல. தெனம் போய்ப் பாப்பேன். கடைசியா ஒரு கட்டம் இருக்கும். வேலை குடுக்குறவங்க பேரு, தொழிலு, உங்க கதைய சொல்லுங்கன்னு. நாலு மாசம் முன்னாடி ஒரு நாளு அதுல எழுதுனேன். என் பேரா போட முடியும்? தங்கம்மாள், மளிகைக் கடை, கீரப்பாளையம்னு போட்டேன். கடைக்கு ஒரு போர்டு வரைஞ்சு குடுக்கணும்மான்னு கேட்டேன். பதிலே வராதுன்னுதான் நெனச்சேன். அன்னைக்கே வந்துடுச்சு! டியர் மேடம்னு. அப்புறம் ஆன்ட்டின்னு. பெத்தவளை ஆன்ட்டின்னு எழுதுறா, நானும் தேங்க்ஸ்மான்னு பதில் போடுறேன். கண்டுபிடிக்க முடியாதுக்கா. கையெழுத்தா இருந்தா பாத்துடுவா. டைப் அடிச்சா எல்லா அம்மாவும் ஒண்ணுதான்.

உங்க கடையோட விசேஷம் என்னா ஆன்ட்டின்னு கேட்டா. பொட்டலம் கட்டுனா நூலை விரல்ல சுத்தி ஒரே சுண்டுல அறுப்பேன்மான்னு எழுதுனேன். அரிசி மூட்டை மேல சாம்பக் கலர் பூனை ஒண்ணு தூங்கும்னு எழுதுனேன். மழை வந்தா எதிர ஸ்டாப்பிங்ல நிக்கிறவங்கள உள்ள கூப்புட்டு நிக்க வைப்பேன், ஒண்ணும் வாங்கலன்னாலும்னு எழுதுனேன்.

ஏன்க்கா அப்புடிப் பாக்குறீங்க? ஆமா. ஒரு நாள் மழைல நீங்க கூப்புட்டீங்க. நான் பஸ் வந்துடும்னு வரல.

இருங்க, முழுசா சொல்லிடுறேன். போர்டை சும்மா போட்டு அனுப்பும்மான்னேன். மாட்டேன்னுட்டா. பாக்காத எடத்தைப் பாத்தேன்னு ஒரு தடவை எழுதிட்டேன் ஆன்ட்டி, இனிமே நேர்ல வராம ஒரு கோடுகூட போட மாட்டேன்னு எழுதிட்டா. யாரும்மா உன்னைக் காட்டிக் குடுத்ததுன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன். யாரும் காட்டிக் குடுக்கல ஆன்ட்டி, எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க ஒருத்தவங்க பெருமைப்பட்டாங்க, அவ்ளோதான்னு எழுதுனா. இப்ப அவுங்க மூஞ்சில எப்புடி முழிக்கிறதுன்னு தெரியலன்னும் எழுதியிருக்கா. ஆபீஸ் மிஷின்ல அதைப் பிரிண்ட் எடுத்து பைல வச்சிருக்கேன். மடிச்சு மடிச்சு கிழியுது.

போய்க் கட்டிப் புடிச்சுக்கச் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஆசை இல்லயா? ஆனா அது எனக்குச் சொன்னது இல்லக்கா. தங்கம்மாளுக்குச் சொன்னது. நான்தான் அதுன்னு போய் நின்னா, ஒரு தடவை கம்பெனி போச்சு, இந்தத் தடவை அவளுக்கு நம்பிக்கையா இருக்குற ஒரே ஆளும் போயிடும். அதுவும் என்னாலயே. கடை இல்ல, மூடிட்டோம்னு எழுதலாம்னு மூணு தடவை ஒக்காந்தேன். கை வரல.

காலைல மெட்ராஸ்ல ரயிலு ஏறியிருக்கா. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல எங்க வீட்டுக்குக் கிட்டயே நின்னுதான் வந்திருக்கும். எறங்கல. சிதம்பரத்துல எறங்கிட்டேன் ஆன்ட்டின்னு இப்பதான் மெயிலு வந்துச்சு. ஆமா, அவதான் வர்றா. இங்கதான். அந்த பத்தரை பஸ்ஸுக்கு.

காசு பணம் ஒண்ணும் வேணாம்க்கா. போர்டு வரைஞ்சு குடுப்பா, மாட்டிக்குங்க. பேரு புடிக்கலன்னா அப்புறமா கழட்டிடுங்க. நான் எழுதுனது எல்லாம் இந்தப் பேப்பர்ல இருக்கு. அதுல ஒண்ணும் பொய் இல்ல, பேரைத் தவிர. அவ கேக்குறதுக்கு உங்களுக்குத் தோணுனதையே சொல்லுங்க. மெலிஞ்சு போயிட்டியேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, முன்னாடி பாத்த மாதிரி ஆயிடும்.

தோ, பஸ்ஸு. தவிட்டுக் கலர் சட்டை. பை கனம் போல, ஒரு பக்கமா சாயுறா. நான் அந்த மூட்டைக்குப் பின்னாடி நின்னுக்கிறேன், பூனையைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

தங்கம்மா ஆன்ட்டின்னு கூப்புடுவா. நீங்க சட்டுனு என்னாம்மான்னு குரல் குடுத்துடுங்கக்கா. நாலு மாசப் பழக்கம், நான் வாயைத் தொறந்துடுவேன்.