கூட்டம் காட்டும் சேனல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவரின் போனில் ஏதோ வெளிநாட்டுத் தேர்தல் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு இந்த சேனல்தான் மச்சான். இவன்தான் கூட்டத்த ஜாஸ்தியா காட்றான்.”

“அவன் அந்தக் கட்சிக்கு வேண்டியவன் மாமா. நூறு பேர ஆயிரம் பேரா காட்டுவான். நம்மூர் டிவி மாதிரிதான்.”

“எந்தக் கட்சியா இருந்தா எனக்கென்ன? பாஷையே புரியல.”

“அப்புறம் எதுக்குப் பாக்குறீங்க?”

“எம் புள்ள வேல பாக்குற ஓட்டலு இந்தக் கூட்டம் நடக்குற திடலுக்கு எதுத்தாப்புலதான் இருக்கு. சண்ட போட்டுக்கிட்டு கெளம்புனவன், போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான். வேடிக்க பாக்கவாச்சும் வெளிய வந்து நிப்பான்ல.”

ஆலப்பாக்கம் தாண்டும்வரை மச்சான் தன் போனில் எதையோ தேடினார். பிறகு அதை நீட்டினார்.

“இத பாருங்க மாமா. அதே கூட்டம்தான், வேற சேனல். வெறும் நாற்காலியா கெடக்கு பாருங்க. இவன்தான் உண்மைய காட்றான்.”

மூத்தவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் போனுக்கே திரும்பினார்.

“உண்மையாவே இருக்கட்டும் மச்சான். அதுல யாருமே இல்லியே.”