சோடாத் தண்ணீரில் வெளுத்த மாத்திரை

ஆறு மணி என்று நோட்டீசில் போட்டதை நம்பி ஐந்தரைக்கே வந்துவிட்ட அவைத்தலைவர் அவர்களே, அயல்நாட்டு ஆராய்ச்சியை அரைமணி நேரத்தில் அம்மாபேட்டையில் இறக்கிவைத்த பேராசிரியர் வெங்கடாசலம் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, உலையை மறந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவில் என்னை மட்டும் முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி ராஜம்மாளே, அனைவருக்கும் சாயப்பட்டறை மருதாசலத்தின் கறைபடிந்த கைகள் கூப்பிய வணக்கம்.

பேராசிரியர் என்ன சொன்னார்? மயிரிழையை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு சின்னத் துகளுக்குள் மருந்தை அடைத்து அனுப்பலாமாம். வயிற்றில் கரையாமல், வழியில் சிதறாமல், வலிக்கிற இடம் பார்த்து இறங்குமாம். இப்போதைக்கு எலிக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறார்களாம். நீங்கள் சிரித்தீர்கள். போன ஆடி மாதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆடியில் ராஜம்மாளுக்கு முழங்கால் வலி. டாக்டர் சிவப்பு மாத்திரை கொடுத்தார். சிவப்பைக் கண்டால் சும்மா இருக்குமா இந்தக் கை? இருபத்திரண்டு வருடம் நூலுக்குச் சாயம் போட்ட கை அல்லவா? சாயம் நிற்குமா என்று பார்க்க, பட்டறையில் நூல் அலசும் சலவைச் சோடாத் தண்ணீரில் நனைத்தேன். சாயம் போனது. "பாத்தியா புள்ள, மட்டச் சாயம்" என்று, மாத்திரை மொத்தத்தையும் சோடாவில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, வெள்ளை வெளேரென்று வேட்டியில் உலர்த்தினேன்.

அங்கே யாரு, வேலுமணியா? சிரிக்காதே ஐயா. உன் வீட்டு மாத்திரையையும் கழுவித் தரச்சொல்லிக் கேட்டவன் நீ.

பத்தாம் நாள் ராஜம்மாள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மாத்திரைய என்னம்மா பண்ணுனீங்க?" நான் சுவரைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "இவருதானுங்க, சாயம் சரியில்லீன்னு வெளுத்துக் குடுத்தாரு."

டாக்டர் தலையில் கைவைத்தார். அந்தச் சிவப்புக்கு அடியில் இன்னொரு பூச்சு இருந்ததாம். வயிற்றுப் புளிப்பில் கரையாமல் காத்து, குடலுக்குப் போனபிறகே மருந்தை அவிழ்த்துவிடும் பூச்சாம். குடல் புளிப்பில்லாமல் கொஞ்சம் சோடாத் தண்ணீர் மாதிரியாம், அதில்தான் பூச்சு கரையுமாம். குடல் செய்யவேண்டிய வேலையை நான் குண்டாவிலேயே செய்து முடித்திருக்கிறேன். மருந்து வயிற்றிலேயே அவிழ்ந்து, வயிறெல்லாம் புண்.

உயிர் பிழைத்தாள். ஆனால் ஒன்று, பெரியோர்களே. இனி அந்த வலி மாத்திரையை அவள் ஆயுளுக்கும் தொடக்கூடாது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாத்திரைதான் இல்லை. இதோ, சற்றுமுன் பாட்டுப் போட்டிப் பரிசுக்குப் பெயர் கூப்பிட்டபோதும், இந்த மேடையின் மூன்று படி ஏற முடியாமல்தான் அவள் வாங்க வரவில்லை.

அதனால் கேட்கிறேன் பேராசிரியர் ஐயா. எலிக்குக் கொடுத்தது போதாதா? ஏட்டில் எழுதியது போதாதா? வயிற்றைத் தொடாமல் முழங்காலில் போய் இறங்கும் அந்தத் துகள் எப்போது வரும்? என் கைக்கு எட்டாத பூச்சாக, எந்தப் புருஷனும் கழுவ முடியாத பூச்சாக அது எப்போது வரும்?

இருபது வருடம் ஆகலாம் என்கிறார்.

என்ன சொல்றே ராஜம்மா? சத்தமாச் சொல்லு, சபை கேட்கட்டும்.

"அதுவரைக்கும் குழாயடியில நீங்களே தண்ணி புடிச்சாந்து ஊத்துங்க."

கேட்டீர்களா, தாய்மார்களே? தீர்ப்பு சொல்லியாயிற்று. நாளையிலிருந்து குழாயடி வரிசையில் ஓர் ஆம்பளை நின்றால் கேலி செய்யாமல் இடம் விடுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, இருபது வருடத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டு அமர்கிறேன். வணக்கம்.