சாதுன்னு சொன்னது யாரு?

சாதுன்னா சொன்னாரு புரோக்கரு? மாடி வூட்டு ஹரிணியவா? அடேயப்பா! இருங்க, இந்தப் போர்வைய அந்த முனையில கொஞ்சம் புடிங்க, ஒத்த ஆளாப் புழிய முடியல. ம்... நல்லா முறுக்குங்க. காடாம்புலியூர்லேருந்து வந்திருக்கீங்க, பையனுக்கு அப்பா. அக்கம்பக்கத்துல விசாரிச்சிட்டுத்தான் பொண்ணு வூட்டுப் படி ஏறணும், அதான மொற. கேளுங்க, கேளுங்க.

சாதுன்னா என்னாங்க? மாடு வாங்கறவன் கேட்டா புரியிது. முட்டாது, ஒதைக்காது, யாரு வேணா கறக்கலாம். மனுசனுக்கும் அதேதான் போல! அந்தப் பொண்ணோட அப்பா செங்குட்டுவன் இருக்காரே, நெலக்கரி மைன்ஸ்லயே அவருதான் பெரிய சாது. பொங்கல் வந்தா திருநெல்வேலிக்காரரு ஊருக்குப் போவணும், மதுரக்காரரு ஊருக்குப் போவணும். 'ஒனக்கென்னாப்பா, சொந்த ஊரு இந்தா இருக்கற வடக்குத்து, நீ சாது மனுசன்'னு ஷிப்ட அவரு தலையில கட்டிட்டுப் போயிடுவாங்க. இருவத்தேழு வருசம்ங்க! வூட்ல பானை பொங்கறத அந்தாளு பார்த்ததே இல்ல. திரும்பி வர்றப்ப ஒரு அல்வாப் பொட்டலம் குடுப்பாங்க, சாதுவுக்குக் கூலி... முறுக்குங்க, இன்னும் சொட்டுது பாருங்க.

பொண்ணா? பண்ருட்டியில முந்திரி கம்பெனில சூப்பர்வைசரு. கொட்டை ஒடைக்கிற பொம்பளைங்கள மொதலாளி மத்தியானம் வரிக்கும் கக்கூசுக்கு வுடாம பூட்டி வச்சிருக்கான். இவ போயி அவன் காரு முன்னாடி நின்னுக்கினா. பூட்டத் தொறந்தப்புறந்தான் வழி வுட்டா. கைய நீட்டல, ஒரு கெட்ட வார்த்த பேசல. அமைதியாத்தான் நின்னா. ஆனா அவள ஒருத்தராச்சும் சாதுன்னு சொல்லுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு எப்டித் தெரியுமா? ஹும், நல்லா கேட்டீங்க. நாந்தாங்க அவளப் பெத்தவ, கஸ்தூரி. புரோக்கருகிட்ட சாதுன்னு சொன்னதும் இந்த வாய்தான். இருவத்தெட்டு வயசாச்சே, அப்டிச் சொன்னாதான் எடம் அமையும்னு... அது அவ காதுல வுழுந்துடுச்சி. 'நா என்னா மாடா? குடுத்த வார்த்தய நீயே போயி திருப்பி வாங்கிக்கினு வா'ன்னுட்டா. மூணு நாளா எங்கூட பேச்சில்ல. அதான் இந்த ஒரு போர்வைய வச்சிக்கினு காலையிலேருந்து கீழயே நிக்கறேன், நீங்க வருவீங்கன்னு...

அய்யய்ய, வுட்டுட்டீங்களே! என்னாது, போன் வந்துடுச்சா? மணியே அடிக்கலியேங்க... ஏங்க... ம், வண்டிய எடுத்துட்டாரு. போர்வ பூரா மண்ணு, மறுபடியும் அலசணும்.

ஏய் ஹரிணி! ஜன்னல்ல நிக்கறது தெரியிது. வார்த்தயத் திருப்பி வாங்கிட்டேன்டி. எறங்கி வந்து இந்த முனையப் புடி.