ஏழாம் அறைக் கதவைச் சாத்தாத டாக்டரம்மாவுக்கு

விரல் நுனியில் விழி வைத்த வித்தகரே! வலிப்பில் வீழ்ந்தோரை வாழ்வில் எழுப்பிய வல்லவரே! முப்பத்தோராண்டு எங்களை முறைத்தும் முறுவலித்தும் ஆண்ட தலைமை மருத்துவரே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் டாக்டரம்மாவே, வணக்கம்.

நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் சென்று, இளம்புழுக்களாகி, தோலடியிலும் தசையிலும் மூளையிலும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டும் நோயை நாங்கள் படித்தது புத்தகத்தில். பார்த்தது உங்கள் விரலில். வெறும் வலிப்பு என்று நாங்கள் சீட்டெழுதி அனுப்பப் பார்த்த கொத்தனாரின் கையைத் தடவி, தோலுக்கடியில் பட்டாணிபோல் உருண்டவற்றைக் கண்டீர்கள். தொடை எக்ஸ்ரேயில் அரிசி மணிகளாய், தலை ஸ்கேனில் வெண்புள்ளிகளாய் அத்தனையும் தெரிந்தன. வீட்டார் அனைவரின் மலத்தையும் சோதிக்கச் சொன்னீர்கள். எல்லோருக்கும் சமைத்துப் போட்ட அண்ணியின் வயிற்றில்தான் புழு இருந்தது. அவருக்கும் மருந்து கொடுத்து, அவரை யாரும் ஒரு சொல் சொல்லாதபடி பார்த்துக்கொண்டீர்கள்.

கண்ட கையையெல்லாம் அழுத்தும் பழக்கம் உங்களை விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்தர் மகளின் திருமணத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தீர்கள். தோள்வரை தடவிவிட்டுத்தான் வாழ்த்துச் சொன்னீர்கள். அந்தக் கூச்சத்திலிருந்து அவர் இன்னும் மீளவில்லை.

இந்த மடலில் புகழ்ச்சி மட்டும் போதும் என்றிருந்தோம். வரைவைப் படித்த நீங்கள், "தையல்காரரை விட்டுட்டீங்களே, அவரையும் எழுதுங்க" என்றீர்கள். எழுதுகிறோம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், உடலெங்கும் கட்டிகளோடு வந்த அந்தத் தையல்காரருக்கு, கண்ணைச் சோதிக்காமலே புழுவைக் கொல்லும் மாத்திரையை எழுதினீர்கள். ஒரு கண்ணுக்குள் இருந்த புழு செத்தது. சுற்றிலும் வீங்கி, அந்தக் கண்ணில் பார்வை போனது. "ஊசியில நூல் கோக்க வரலம்மா, சரியாயிடுமா?" என்று கேட்டார். சரியாகிவிடும் என்றீர்கள். ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தீர்கள். அவர் வரவேயில்லை.

அன்றிலிருந்து, கண் மருத்துவரின் கையெழுத்தின்றி அந்த மாத்திரை இந்த வார்டில் பிரிக்கப்பட்டதில்லை. முதலில் வலிப்பும் வீக்கமும் அடங்க மருந்து. பிறகே புழுவுக்கு, அதுவும் படுக்கையில் வைத்துக் கண்காணித்து. "கண் பார்த்தாச்சா?" என்ற உங்கள் கேள்வியைத் தேநீர் கொண்டுவருபவர்கூட எங்களிடம் கேட்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில், கடைசி நோயாளி போன பிறகும் நீங்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏழாம் அறைக் கதவு ஒரு மணி நேரம் திறந்தே இருக்கும். நடையில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்கள் நிமிர்வதை, நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம்.

அம்மா, உங்களுக்கு நாங்கள் தர நினைத்த பரிசு சட்டம் போட்ட இந்த மடலன்று. மூன்று மாதமாக அந்தத் தையல்காரரைப் பழைய முகவரியை வைத்துத் தேடினோம். தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கினோம். முன்வரிசையில் கொத்தனார் குடும்பத்தோடு அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. எங்களை மன்னியுங்கள்.

நோயின்றி, குறையின்றி, நூறாண்டு காண்க! நாளை முதல் உங்கள் காலடி ஓசைக்கு ஏங்கப்போவது எங்கள் முறை. செவ்வாய்க்கிழமைக் கதவை நாங்கள் திறந்து வைப்போம். அவர் வந்தால், நீங்கள் சொல்லாமல் விட்டதை நாங்கள் சொல்ல மாட்டோம். உட்காரவைத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவோம்.

பிரிய மனமில்லாத,
வார்டு மருத்துவர்களும் ஆய்வக, எக்ஸ்ரே அறை ஊழியர்களும்
ஏழாம் அறைச் செவிலியரும்