ஆட்டுக்குட்டி கடித்த கை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது. எங்கள் லேபுக்கு டீ வரும் நேரம் அது. மௌனிகாவின் ரிப்போர்ட்டும் அப்போதுதான் மெசினிலிருந்து வந்தது. டீயைக் குடித்து முடித்த பிறகே எடுத்துப் படித்தேன், சார். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

முந்தின நாள் ரத்தம் எடுத்தது நான்தான். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆவணியில் கல்யாணம். மாதவிலக்குத் தள்ளிப்போகிறது என்று அம்மா அழைத்து வந்திருந்தார். டாக்டர் வழக்கம்போலத் தைராய்டும் கர்ப்ப ஹார்மோனும் சிறுநீரும் எழுதியிருந்தார். கையெல்லாம் சிறு கீறல்கள். முதலமடையில் அவர்கள் மாந்தோப்பில் நாற்பது ஆடுகள். தாய் செத்த குட்டிகளுக்கு அவள்தான் புட்டிப்பால் கொடுப்பாள்.

"மெதுவாக் குத்துங்கக்கா. குட்டிக கடிக்கறதே போதும்" என்று சிரித்தாள்.

மெசின் கர்ப்பம் என்றது.

நான் நம்பவில்லை. போன வருடம் அறுபத்திரண்டு வயது ஆட்டுக்காரி ஒருத்திக்கும் அது அப்படித்தான் சொன்னது. கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். மெசின் கம்பெனி ஆள் வந்து விளக்கினார். விலங்குகளோடே கிடப்பவர்களின் ரத்தத்தில் சில சமயம் அந்த விலங்கின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகிவிடும். டெஸ்டில் சேர்க்கும் மருந்து ஆட்டு ரத்தத்திலிருந்து எடுத்தது. ஆன்டிபாடி அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். மெசின் அதைக் கர்ப்பம் என்று எண்ணிவிடும். உடம்பு ஒன்றை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொண்டால், அதன் சாயல் உள்ள எதையும் விடாது என்றார். சிறுநீரில் இந்தக் குழப்பம் வராது.

மௌனிகாவின் சிறுநீரைக் கார்டில் விட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கோடு. கர்ப்பம் இல்லை. கார்டைக் குப்பையில் போட்டேன்.

ரிப்போர்ட் முதலில் டாக்டருக்குப் போக வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளின் ரிப்போர்ட்டை வீட்டு ஆண்கள் வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம். அவள் அப்பா நஞ்சப்பனுக்கு நானே போன் செய்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் அக்கா சுகந்தி அவருடைய கொட்டகையில் மாங்காய் தரம் பிரித்தாள். அவர் கூப்பிட்ட இடத்துக்கு ஒருமுறை அவள் போகவில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க அவரிடம் போனார்கள். வேலை கொடுத்தவரைத்தானே கேட்பார்கள்.

"நல்ல புள்ளைதானுங்க. போன மாசம் ஒரு வாரம் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்துது. மத்தபடி நல்ல புள்ளை" என்றாராம்.

அக்காவுக்கு மஞ்சள் காமாலை. அது அவருக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வரவில்லை. மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. அக்கா மாமரத்துக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தாள்.

அவர் பொய் சொல்லவில்லையே என்றார்கள் எல்லோரும். நானும் பொய் சொல்லவில்லை, சார். மெசின் கொடுத்த தாளைக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மௌனிகாவைத் தோப்புக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்ததால் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவளை நான் தொட்டது ரத்தம் எடுத்தபோது மட்டும்தான். எனக்கு வேண்டியிருந்தது அவள் அப்பாவின் முகம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு அவர் வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, எம்புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க. இந்த மெசினு எப்பவாச்சும் தப்பாச் சொல்லுமுங்களா?"